அடர்நீலம்

தாமரைக்கேணியில் தாமரையும் கிடையாது, கேணியும் கிடையாது. இருந்த கேணியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிவிட்டார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரம்போல வாசலில் சிமென்ட்டால் ஒரு தாமரை செய்து வைத்து, அதன் நடுவே நீரூற்று வரும் என்று கல்வெட்டும் பதித்தார்கள். கல்வெட்டு வந்தது, நீர் வரவில்லை. இப்படிப்பட்ட ஊரின் பெயர் தலைநகரம்வரை போய் ஒலித்தது என்றால், அதற்குக் காரணம் மிளகளவே இருந்த ஒரு மணி.

மணியைக் கண்டுபிடித்தவர் முனைவர் ஆவுடையப்பன். நகராட்சியின் மழலையர் நீர்நலத் திட்டத்துக்கு இயக்குநர். அவருடைய பட்டங்கள் பெயர்ப்பலகைக்குள் அடங்காததால் கடைசிப் பட்டத்தைச் சுவரில் எழுதியிருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்கள்.

மணியின் சங்கதி எளிமையானது. தொலைக்காட்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து கேட்டபோது ஆவுடையப்பன் இப்படித்தான் விளக்கினார்:

"பிள்ளையோட அரைஞாண் கயித்துல இதைக் கோத்துக் கட்டணும்மா. இடுப்பு வேர்வையை மணி தொட்டுப் படிக்கும். குடிச்ச தண்ணியில கிருமி இருந்தா, வயித்துக்கு வலி தெரியிறதுக்கு முந்தியே உடம்புக்குத் தெரிஞ்சிரும். அந்தச் சேதி வேர்வையில கசியும். மணி கறுத்துரும். தண்ணி நல்லதுன்னா நீலமா இருக்கும்."

"கறுத்தா என்ன சார் செய்வீங்க?"

"ஒரு தெருவுல நாலு பிள்ளைக்குக் கறுத்தா, அந்தத் தெருக் குழாய் எங்கயோ உடைஞ்சு சாக்கடை கலக்குன்னு அர்த்தம். உடனே ஓடிப் போய்ச் சரி பண்ணுவோம்."

"ஓடிப் போனீங்களா சார்?"

"திட்டமிடப்பட்டிருக்கிறது," என்றார் ஆவுடையப்பன். இக்கட்டான கேள்விகளுக்கு அவர் எழுத்துத் தமிழில்தான் பதில் சொல்வார்.

குழாயைச் சரிசெய்ய வேண்டுமானால் தெருவைத் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டுமானால் மூன்று துறைகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையில் இல்லை. மணியைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளையின் சட்டையைத் தூக்கினால் போதும். ஆகவே நகராட்சி சட்டையைத் தூக்கிப் பார்த்தது.

முதல் பார்வையிலேயே குழப்பம் வந்தது. கெட்ட தண்ணீருக்குக் கறுப்பு என்று முடிவு செய்தது நிபுணர் குழு. குழுவில் வேதியியல் படித்தவர்கள் இருந்தார்கள், கண்ணின் கூர்மையை ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குக்கூட, ஊரில் பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் கண்ணேறு படாமல் இருக்கக் கையிலும் இடுப்பிலும் ஏற்கெனவே கருகமணி கட்டியிருக்கும் என்ற நினைப்பு வரவில்லை. மணி பார்க்கப் போன ஊழியர்கள் சட்டையைத் தூக்கினால் எங்கும் கறுப்பு. தாமரைக்கேணி முழுக்கச் சாக்கடையைத்தான் குடிக்கிறது என்று தலைநகருக்குச் செய்தி போய்விட்டது. அதைவிடக் கொடுமை, திட்டத்தின் மணி நிஜமாகவே கறுத்த வீடுகளில் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

"பாத்தியாட்டி, மணி தானாக் கறுத்துட்டு! பிள்ளை மேல விழுந்த கண்ணெல்லாம் அதுல இறங்கிட்டு!"

மறு வாரமே நகராட்சி எல்லைக்குள் கருகமணிக்குத் தடை வந்தது. அதற்கு விளக்கக் கூட்டம் போட்டு, கறுப்பு என்றால் அசுத்தம், அசுத்தம் என்றால் தாயின் கவனக்குறைவு என்று ஆவுடையப்பன் மணிக்கணக்கில் பேசினார். குழாயைப் பற்றியும் பேசுவதாகத்தான் இருந்தது. அதற்குள் கலெக்டர் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து கறுப்பு கறுப்பாயிற்று. மணி கறுத்த பிள்ளையைக் கல்யாண வீட்டில் யாரும் தூக்கவில்லை. குழாயடியில் வசவே மாறிப்போனது. முன்பெல்லாம் குடும்பத்தை இழுத்துத் திட்டியவர்கள், "போடி, மணி கறுத்தவளே" என்ற ஒற்றை வார்த்தையில் கதையை முடித்தார்கள். கறுத்த மணிக்காரிகள் சனிக்கிழமைதோறும் நகராட்சி மண்டபத்தில் அறிவுரை வகுப்புக்கு வர வேண்டும்; வராவிட்டாலோ மறுபடி கறுத்தாலோ ரேஷன் நிற்கும். வகுப்பை நடத்தியவர் ஆவுடையப்பனேதான். கை கழுவுவது எப்படி என்று அவர் மேடையில் காற்றில் கை கழுவிக் காட்டுவார். மண்டபத்துக் குழாயில் தண்ணீர் வராது.

ஆனால் பலன் கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. மாதத்துக்கு மாதம் கறுப்பு குறைந்தது. இந்தக் கோடையில், வெயில் ஏற ஏற, மணிகளின் நீலமும் ஏறியது. இளநீலமாக இருந்தவை நடுநீலமாயின, நடுநீலம் அடர்நீலமானது. கோடையில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கூடும் என்பதுதான் உலக நடப்பு. தாமரைக்கேணி உலக நடப்பை முறியடித்துவிட்டது என்று ஆவுடையப்பன் கட்டுரை எழுதினார். அதில் காரணங்கள் ஏழு சொல்லியிருந்தார். ஐந்து காரணங்கள் அவருடைய சொற்பொழிவுகள்.

தாமரைக்கேணியை 'நீலநகர்' என்று அறிவிக்க அமைச்சர் வருவதாக முடிவாயிற்று.

"சார், மேடையில அமைச்சர் கையில குடுக்கப் பிள்ளை ஒண்ணு வேணும்," என்றான் உதவியாளன் சுடலைமுத்து. "நல்ல நீலமா."

"எல்லாப் பிள்ளையும் நீலந்தானய்யா."

"நீலத்துலயும் தரம் இருக்குல்லா சார். நான் ஊர் பூராவும் பாத்துட்டேன். உங்க பேரனுக்கு இருக்கிற நீலம் ஒருத்தனுக்கும் கிடையாது. மயில் கழுத்து கெட்டது."

"என் பேரன்ங்கிறதுக்காகச் சொல்லாதே."

"சேச்சே! நீங்க இயக்குநரா இல்லாட்டாலும் உங்க பேரன் உங்க பேரன்தான் சார்."

இந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமலே ஆவுடையப்பன் மகிழ்ந்தார்.

பேரன் ஆரன். நடக்கத் தொடங்காத பிள்ளை; சுவரைப் பிடித்து எழுந்து நின்று தொபுக்கென்று உட்காருவான். மகள் உலகம்மை, கப்பலில் வேலை பார்க்கும் கணவன் திரும்பும்வரை அப்பா வீட்டில் இருந்தாள். ஆவுடையப்பனின் மனைவி காலமாகி நாளாகிவிட்டதால், வீட்டில் ஆள் சத்தம் என்பதே மகளும் பேரனும் வந்த பிறகுதான் கேட்டது. அதிலும் இப்போது கொஞ்ச நாளாகப் பேரனின் சத்தம் குறைந்திருந்தது. சமர்த்தாகிவிட்டான் என்று தாத்தா நினைத்தார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது ஆரன் அழுதுகொண்டிருந்தான். மெலிந்த, வறண்ட அழுகை. கன்னத்தில் ஈரமே இல்லை.

"பாத்தியா உலகு, ஆம்பிளைச் சிங்கம். சத்தம் மட்டுந்தான், கண்ணுல ஒரு சொட்டு வரலை. தாத்தா மாதிரி வைராக்கியம்."

உலகம்மை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே போனாள். ஆவுடையப்பன் பின்னாலேயே போய்ச் சட்டையைத் தூக்கி மணியைப் பார்த்தார். மயில் கழுத்துதான். சுடலைமுத்து பொய் சொல்லவில்லை.

"நாளைக்கு மேடையில மூத்திரம் கீத்திரம் அடிச்சிரப் போறான், பாத்துக்கோ."

"அடிக்க மாட்டான்பா," என்றாள் உலகம்மை.

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஆனால் ஆவுடையப்பனின் சட்டைப்பையில் மறுநாள் உரை இருந்தது. அதை இன்னொரு முறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் புது வேட்டியின் கரை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தபோது உலகம்மை கத்தினாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தலை தோளில் நிற்காமல் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, நாக்கு வறண்ட தாள்போலக் கிடந்தது.

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு டாக்டர் ரெஜினா. ஆவுடையப்பனின் வேட்டியையும் சந்தனப் பொட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் உச்சிக்குழியை விரலால் தடவினாள். குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டாள். எழுந்த தோல் படுக்காமல் அப்படியே நின்றது.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?"

"நேத்து மத்தியானம்."

"தண்ணி குடுக்கியா?"

"பால் குடுக்கேன் டாக்டர்."

"நான் தண்ணியக் கேட்டேன்."

உலகம்மை அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இல்ல."

"இட்லி, சாதம் எல்லாம் திங்கிற வயசு. இந்த வெயிலு. ஒரு வாய் தண்ணி இல்லாம எப்படிம்மா?" ரெஜினாவின் குரலில் கோபம்கூட இல்லை. தினமும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி அது. நர்ஸ் ஊசிக்கு நரம்பு தேடினாள். சின்னக் கை. நரம்பு அகப்படவில்லை. மறு கையைப் பிடித்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "உலகு! வீட்டுல அவ்வளவு பெரிய சுத்திகரிப்பு எந்திரம் நிக்கி. காய்ச்சி ஆத்திக் குடுக்க உனக்கு என்ன கேடு?"

"காய்ச்சித்தான் குடுத்தேன்."

"எப்போ?"

"அன்னைக்கு. மணி கறுத்த அன்னைக்கு." அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. "காய்ச்சினேன், வடிகட்டினேன், சங்கைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தேன். அப்படியும் கறுத்துட்டு. சங்கா, வாய் தொடைச்ச துணியா, எங் கையா, பிள்ளை தரையில தவழ்ந்து விரலைச் சூப்பினதா... எதுன்னு மணி சொல்லிச்சா? நீங்க சொன்னீங்களா? சாப்பிடாம எந்திரிச்சுப் போனீங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவல. ராவோட ராவா ஆபீஸ்ல இருந்து வேற மணி கொண்டாந்து மாத்திக் கட்டுனீங்க. என்னைய ஏறெடுத்துப் பாக்கல."

நர்ஸ் நிமிர்ந்து ஆவுடையப்பனைப் பார்த்தாள். உடனே மறுபடி குனிந்துகொண்டாள். அவளுக்கும் ஒரு கைப்பிள்ளை இருக்கலாம். அவளுக்கு மாற்று மணி கொடுக்க அலுவலக மேசையறை எதுவும் இல்லை.

"எனக்கு எது தப்புன்னு தெரியலப்பா. தண்ணியே குடுக்காட்டா தப்பே நடக்காதுல்லா. தாய்ப்பாலுக்கு மணி கறுக்காது. அதான் அதையே குடுத்தேன். எனக்கே ஊறல, என்ன செய்ய? நீலநகர் முடியட்டும், அப்புறம் குடுத்துக்கிடலாம்னு இருந்தேன்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் எழுத்துத் தமிழ் அன்று வரவில்லை. கடைசியில் அவர் கேட்டது, ஒரு விஞ்ஞானி கேட்கக்கூடியதுதான். ஒரு தாத்தா கேட்கக் கூடாதது.

"அப்ப மணி எப்படி இவ்வளவு நீலமா..."

"மணி எதைப் படிக்கும் சார்?" என்று ரெஜினா கேட்டாள். நரம்பு கிடைத்துவிட்டது; அவள் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வேர்வையை."

"உடம்புல நீர் இல்லாத பிள்ளைக்கு வேர்க்குமா?"

அவருக்குப் பதில் தெரியும். ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மணி பட்டறையிலிருந்து வரும்போதே அடர்நீலம்தான். வியர்வை பட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது வெளுத்து இளநீலமாகும். நலமாக, ஈரமாக, ஓடியாடுகிற பிள்ளையின் இடுப்பில் அது இளநீலமாகத்தான் இருக்க முடியும். வியர்வை கிடைக்காவிட்டால் மணி பிறந்த நிறத்திலேயே நிற்கும்; வெளுத்ததும் கறுத்ததும்கூட மெல்ல அந்த நிறத்துக்கே திரும்பிவிடும். இதை அவர்தான் எழுதினார், ஆய்வேட்டின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில். அடர்நீலம் என்றால் மணி எதையுமே படிக்கவில்லை என்று பொருள். எதுவும் சொல்லாத மணிக்குத்தான் அவர் ஊரெல்லாம் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்," என்றார், ஈனக்குரலில்.

"உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன் சார். பிள்ளைங்க வாடி வதங்கி வருதுன்னு சொன்னேன். 'மணி என்ன நிறம்?'ன்னு கேட்டாங்க. நீலம்னேன். 'அப்ப இது தண்ணீர் சம்பந்தப்பட்ட பிரச்சனை இல்லை, வேற துறைக்கு எழுதுங்க'ன்னு வச்சிட்டாங்க." ரெஜினா கையுறையைக் கழற்றினாள். "பிள்ளையை வார்டுக்கு மாத்துவோம். நீங்களும் வாங்க. உங்க திட்டத்தை நீங்க ஒரு தடவையாவது பாக்கணும்."

வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு கையிலும் ஊசி, ஒவ்வொரு ஊசிக்கும் தலைக்கு மேலே ஒரு பாட்டில். மின்விசிறிகள் வெந்த காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அதிகமிருக்கிற இடத்தில் இருக்க வேண்டிய இரைச்சல் அங்கே இல்லை.

கரை வேட்டியும் பொட்டுமாக உள்ளே நுழைந்தவரைத் தாய்மார்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். சனிக்கிழமை மண்டபத்தில் பார்த்த முகம். ஒருத்தி சட்டென்று எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டில் விடாமல், எல்லாருடைய கைகளும் பிள்ளையின் சட்டைக்குப் போயின. சட்டைகள் உயர்ந்தன. ஒட்டிப்போன வயிறுகளுக்குக் கீழே, அரைஞாண் கயிறுகளில், மணிகள் மின்னின. எல்லாம் மயில் கழுத்து.

சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"நீலந்தான்யா," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. முகத்தில் பயமும், பரீட்சையில் தேறிய ஒரு சின்னப் பெருமையும். ஆவுடையப்பனுக்கு அவளைத் தெரியும். செல்லக்கிளி. போன மாதம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளை எழுந்து நிற்கச் சொல்லி, "ஒரு தாய் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு" என்று தொடங்கி, மண்டபமே சிரிக்கும்படி ஏதோ சொன்னார். என்ன சொன்னோம் என்பது இப்போது நினைவில்லை. சிரித்தது நினைவிருந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்ன பெறவு நான் ரொம்பக் கவனம்யா. ஒரு சொட்டு வெளித்தண்ணி உள்ள விடல. நீங்களே பாத்துக்கிடுங்க." அவள் பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பிள்ளையின் கை, ஊசியோடு, துவண்டு தொங்கியது.

ஆவுடையப்பன் கையைக் கூப்பினார். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் மேடைகளில் செய்வது அது. அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நின்றதில், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது தெரியாமல் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து ஆரன் கண்ணைத் திறந்தான். ரெஜினா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் கொடுத்தாள். "கரண்டியில கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க." உலகம்மை கரண்டியைத் தோய்த்துவிட்டு மணியையே பார்த்தாள். ஆவுடையப்பன் கரண்டியை வாங்கிக்கொண்டார். தண்ணீர் நாக்கில் பட்டதும் பிள்ளை கரண்டியைக் கவ்விக்கொண்டான். விடவில்லை. இழுத்துப் பார்த்தார்; அவனுக்குப் பல் முளைத்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிண்ணம் பாதியானபோது பிள்ளையின் கழுத்துக் குழியில் ஈரம் அரும்பியது. இடுப்பில் நீலம் கலங்கியது, மெல்ல மங்கியது, கறுத்தது.

வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏ ஆத்தா," என்று யாரோ வாயைப் பொத்தினார்கள். "அவிய பேரனுக்கேல்லா கறுத்துட்டு!"

"கறுத்துட்டா?" என்றாள் ரெஜினா தூரத்துக் கட்டிலிலிருந்து. "அப்பாடா. பிள்ளைக்கு வேர்க்குது."

முன்பு எப்போதோ உள்ளே போன அழுக்கு இப்போதுதான் வெளியே வருகிறது என்று ஆவுடையப்பன் விளக்கத் தொடங்கினார். தண்ணீர் கொடுத்தால்தான் கறுக்கும், கறுத்தால்தான் பிழைக்கும், அப்புறம் வெளுக்கும், வெளுப்புத்தான் நலம், அடர்நீலம் நலம் இல்லை. சொல்லச் சொல்ல, எத்தனை சனிக்கிழமைகள் இதற்கு நேர்மாறாகச் சொன்னோம் என்று அவர் காதுக்கே கேட்டது. தாய்மார்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்திகூடக் கிண்ணத்தைத் தொடவில்லை.

"குடுங்கம்மா. நான் சொல்லுதேன், குடுங்க."

செல்லக்கிளிதான் கேட்டாள். "ஐயா, இதை இயக்குநராச் சொல்லுதீகளா, தாத்தாவாச் சொல்லுதீகளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்மா."

"எங்களுக்கு ஒண்ணு இல்லியேய்யா. மணி கறுத்தா ரேஷனை நிப்பாட்டுறது இயக்குநர்லா. தாத்தா சொன்னாருன்னு கடையில சொன்னா அரிசி போடுவாவளா?"

"நிறுத்த மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன். இன்னைக்கே போய்ச் சொல்லுதேன்."

அவள் அவரை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மகனின் வாயைப் பார்த்தாள். ஆரன் கரண்டியைக் கவ்வியிருப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கிண்ணத்தை எடுத்தாள். முந்தானையை இழுத்துப் பிள்ளையின் இடுப்பை, மணி தெரியாதபடி, நன்றாகப் போர்த்தினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல, சொந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

விழா மைதானத்தில் எல்லாம் நீலம். பந்தல் நீலம், நாற்காலி உறை நீலம், வரவேற்பு வளைவு நீலம். 'நீலநகர்' என்ற பலகையில் வண்ணம் இன்னும் காயவில்லை. மேடைக்குப் பின்னால் குளிரூட்டிய அறையில் அமைச்சர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைநகரிலிருந்து வந்த முதன்மை ஆலோசகர். ஆவுடையப்பன் வேட்டியெல்லாம் உப்புத் தண்ணீர்க் கறையோடு உள்ளே நுழைந்தார்.

"பிள்ளை எங்கய்யா?" என்றார் அமைச்சர்.

"ஆஸ்பத்திரியில ஐயா." சொல்லிவிட்டார். ஒரே மூச்சில், எழுத்துத் தமிழ் கலக்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கறுப்புக்குப் பயந்து தாய்மார்கள் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் தாகத்தில் கிடக்கின்றன. வேர்க்காத உடம்பில் மணி நீலமாகவே நிற்கும். வார்டு நிரம்பி வழிகிறது. விழாவை நிறுத்த வேண்டும். ரேஷன் தண்டனையை நீக்க வேண்டும். குழாய்களை மாற்ற வேண்டும். இதெல்லாம் என் பிழை.

அமைச்சர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். ஆவுடையப்பன் தலை குனிந்து நின்றார். வேலை போகும், பட்டமெல்லாம் போகும், சுவருக்கு முழுசாக வெள்ளையடிப்பார்கள். அந்த நினைப்பு அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"அற்புதம்," என்றார் ஆலோசகர்.

"என்னது?" என்றார் ஆவுடையப்பன்.

"மணிக்குத் தாகத்தை உணரத் தெரியவில்லை. எவ்வளவு நுட்பமான அவதானிப்பு! அதுவும் கண்டுபிடித்தவரே, சொந்தப் பேரனை வைத்தே!" அவர் அமைச்சர் பக்கம் திரும்பினார். "இதுதான் சார் அறிவியல் நேர்மை."

அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப இன்னொரு மணி வேணும்கிறீங்க."

"இல்லைங்கய்யா. குழாயை..."

"குழாய் வேற துறை. மணி நம்ம துறை." அமைச்சர் எழுந்து துண்டைச் சரிசெய்தார். "பேரு என்ன வைக்கலாம்? 'தாகமணி'. கேக்க எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று அறையிலிருந்த எல்லாரும் சொன்னார்கள்.

மேடையில் நீலநகர் அறிவிப்பும் நடந்தது, பலகை எழுதியாகிவிட்டதால். அதோடு தாகமணியும் அறிவிக்கப்பட்டது. கைதட்டல் வலுத்தது. ஆவுடையப்பனின் தோளில் பொன்னாடை விழுந்தது. ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார்கள். எதிரே கூட்டம், முன் வரிசையில் இடுப்புப் பிள்ளைகளோடு தாய்மார்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. தண்ணீர் கொடுங்கள் என்று இரண்டே வார்த்தைகள். அவர் வாயைத் திறந்தார்.

"இது என் வாழ்நாளின் பெரும் பேறு," என்று வாய் சொன்னது.

அவர் வார்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பொன்னாடையைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டார். சரிகைத் துகள் மட்டும் சட்டைத் தோளில் ஒட்டியிருந்தது. ஆரன் தூங்கிக்கொண்டிருந்தான். துணி நனைந்திருந்தது. உலகம்மை அதை மாற்றாமல், தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டான்பா. ரெண்டு தடவை."

"நல்லதும்மா." அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போன்ல விழாவைக் காட்டுனாவ. எல்லாரும் பாத்தோம்." அவள் குரலில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இன்னொரு மணியாம்லா."

"நான் அதைச் சொல்லப் போகல உலகு. குழாயை மாத்தணும், ரேஷனை நிப்பாட்டக் கூடாது, அதைச் சொல்லத்தான் போனேன்."

"சொன்னீங்களா?"

"உள்ள சொன்னேன்."

"மேடையில?"

அவர் தோளில் ஒட்டியிருந்த சரிகைத் துகளைத் தட்டிவிட்டார். செல்லக்கிளி சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். முந்தானை இன்னும் பிள்ளையின் இடுப்பில்தான் இருந்தது.

"சரி, அது என்ன கலருப்பா?" என்றாள் உலகம்மை. "இந்தப் புது மணி. பிள்ளைக்குத் தாகம்னா எந்தக் கலரு வரும்? முன்னமே சொல்லிட்டீங்கன்னா நாங்க அதுக்குத் தக்கன இருந்துக்கிடுவோம்."

இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையும்கூட. குழு கூடவில்லை, ஒருவரையும் கலந்துகொள்ளவில்லை, ஒரு காகிதம் நகரவில்லை. ஆனால் மைதானத்திலிருந்து மருத்துவமனைக்கு வருகிற வழியில், காரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, பேரன் பிழைத்தானா என்ற கவலையின் அடியிலேயே, அவர் மனம் தன்பாட்டுக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. நீலத்துக்குப் பக்கத்தில் எது எடுப்பாக இருக்கும் என்று ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசல் வருவதற்குள் தேர்ந்தெடுத்தும் விட்டது.

"மஞ்சள்," என்றார் ஆவுடையப்பன், தரையைப் பார்த்துக்கொண்டே.